லேபிலிருந்து பதில் வரும்வரை

துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என் வலது கண்ணின் மேலிமையிலிருந்து வெட்டியெடுத்த துண்டு. ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடி மாடியில் இருக்கிற லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே அதை உறைய வைத்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் ஒருவர் பார்ப்பாராம். பார்த்துவிட்டு இங்கே ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் பண்ணுவாராம். அதுவரை தையல் போடாமல், காயத்தின் மேல் ஈரப் பஞ்சை வைத்துக்கொண்டு, முகத்தை மூடிய பச்சைத் துணிக்குள் நான் இப்படியே மல்லாந்து கிடக்க வேண்டும். கேன்சர் இல்லை என்று சொன்னால் தையலைப் போட்டுச் சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கேன்சர் என்றால் இமையில் பாதிக்கு மேல் வெட்ட வேண்டியிருக்கும், கீழிமையிலிருந்து சதையை மேலே இழுத்துத் தைத்து, கண்ணை இரண்டு மாதம் மூடியே வைத்திருப்பார்கள், அதற்கப்புறம் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா, வேறெங்கும் போயிருக்கிறதா என்று ஸ்கேன். டாக்டர் மெஹருன்னிசா முந்தாநாள் இதையெல்லாம் ஒரு தாளில் படம் போட்டே காட்டிவிட்டார். படம் சுமார்தான். நான் போட்டால் இன்னும் நன்றாக வந்திருக்கும், கோவில்பட்டியில் பத்தாம் வகுப்புக்கு வருஷா வருஷம் கண் படம் போடுகிற கை இது. கார்னியா, ஐரிஸ், லென்ஸ், விழித்திரை, பார்வை நரம்பு, பாகம் குறித்தால் மார்க் உண்டு. இமைக்கு மார்க் கிடையாது. அதை எந்தப் பிள்ளையும் வரைவதும் இல்லை, நானும் ஏன் வரையவில்லை என்று கேட்டதும் இல்லை.

வலி இல்லை. மரத்துப்போக ஊசி போட்டபோதுதான் உயிர் போய் உயிர் வந்தது, அப்புறம் அந்தப் பக்கத்து முகமே என்னுடையது இல்லை என்கிற மாதிரி ஆகிவிட்டது. நெற்றியில் ஏதோ ஊறுகிறது, சொரிய முடியாது, கையை உள்ளே வைத்துச் சுற்றியிருக்கிறார்கள். கழுத்தில் தாலி இருக்கிற இடத்தில் பிளாஸ்டர் இழுத்துப் பிடிக்கிறது. தாலியைக் கழற்ற வேண்டாம்மா, பிளாஸ்டர் போட்டு ஒட்டிடுவோம் என்று ஜெசிந்தா சிஸ்டர்தான் ஒட்டிவிட்டார், நான் கேட்கக்கூட இல்லை, எல்லாரும் கேட்டுக் கேட்டு அவருக்குப் பழகியிருக்கும். ரத்தம் நிற்பதற்காக உள்ளே சுட்டார்கள். கோழியை நெருப்பில் வாட்டும்போது வருமே அந்த வாடை. என் சதைதான் என்று தெரிந்தும் எனக்குக் கோழிதான் ஞாபகம் வந்தது, கொஞ்சம் பசிக்கவும் செய்தது, நேற்று ராத்திரி சாப்பிட்டதோடு சரி. அதுகூடப் பரவாயில்லை. வெட்டிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தி "ம்" என்றாரே, அதைத்தான் தாண்ட முடியவில்லை. கத்தி எதிலோ பட்டுக் கரகரவென்று, சாதத்தில் கல் அகப்பட்ட மாதிரி ஒரு சத்தம். எலும்பு வழியாகவே எனக்குக் கேட்டது. உடனே "ம்". என்ன ம்? பையன் தப்பாகப் பதில் சொன்னாலும் நான் ம் என்றுதான் சொல்வேன். எதிர்பாராமல் சரியாகச் சொல்லிவிட்டாலும் அதே ம்தான். ஆச்சரியமா, அய்யோ பாவமா? கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்று பயந்துதான் கேட்கவில்லை. அப்புறம் சிஸ்டரிடம் "ரொம்ப ஹார்டா இருக்கு" என்று மட்டும் சொன்னார். கெட்டியாக இருப்பது நல்லதா? கேன்சர் என்றால் கல் மாதிரி இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னது? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளாக இருக்கும். இந்த மாதிரி விஷயங்களை எல்லாம் பஸ்ஸில்தான் சொல்கிறார்கள்.

கட்டி முதலில் வந்தபோது அது ஒன்றும் கல் இல்லை. மிளகளவு. கண்கட்டி என்று ஆளாளுக்கு முடிவு பண்ணிவிட்டார்கள். உடம்புச் சூடு டீச்சர், எண்ணெய் தேய்ச்சுக் குளிங்க என்று ஸ்டாஃப் ரூமில் மருந்து சொல்லாத ஆள் இல்லை, கணக்கு சார் உட்பட. நாமக்கட்டியை இழைத்துப் பூசினேன், மோதிரத்தைத் தேய்த்துச் சூட்டோடு ஒற்றினேன், கண்ணில் நாமத்தோடு வகுப்புக்குப் போய் ஒளிவிலகல் நடத்தினேன், பிள்ளைகள் சிரிப்பை அடக்க என்ன பாடு பட்டார்கள். சயின்ஸ் டீச்சர்தான் நான். வீட்டில் நாமக்கட்டி இருந்தது, பூசினேன், அதற்கெல்லாம் விளக்கம் கேட்டால் என்ன சொல்வது. கட்டி போகவில்லை என்றதும் இவர் என்னை முத்தையா டாக்டரிடம் கூட்டிப்போனார். இவர் என்றால் என் வீட்டுக்காரர், சங்கரலிங்கம், மின்வாரியத்தில் இருக்கிறார், இப்போது வெளியே என் வளையல்களைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "ஏ செம்பா, அவரு கைராசிக்காரரு. டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு எழுதி இழுத்தடிக்க மாட்டாரு. ஒரே கையில முடிச்சிருவாரு." ஊரே அப்படித்தான் சொல்லும். எங்கள் ஊரில் நல்ல டாக்டர் என்றால் டெஸ்ட் எழுதாத டாக்டர். போய் உட்கார்ந்ததும் இமையைப் புரட்டிப் பார்த்தார், ஒண்ணுமில்ல என்றார், ஊசியைப் போட்டுக் கீறிச் சுரண்டி எடுத்தார், சுரண்டியதைப் பஞ்சோடு வாளியில் போட்டார். டக் என்று ஒரு சத்தம் வந்தது. பஞ்சுக்கு அந்தச் சத்தம் வருமா? அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. வரும்போது இவர் பெருமையாக, பாத்தியா, பத்து நிமிஷம் ஆகல என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சில மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி முளைத்தது. மறுபடி அதே டாக்டர், அதே ஒண்ணுமில்ல, அதே வாளி. மூன்றாம் தடவை வந்தபோது இமை முடி அந்த இடத்தில் மட்டும் உதிர்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு முத்தையா டாக்டரே மதுரைக்குப் போங்க என்றார். அவர் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. நான் கண்ணாடியில் என் இமையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெஹருன்னிசா டாக்டர் முதல் கேள்வியே அதைத்தான் கேட்டார். ஏற்கெனவே ரெண்டு தடவை எடுத்தாங்களே, எடுத்ததை டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்களா? நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "அவரு அதெல்லாம் எழுத மாட்டாரு மேடம்." அதே பெருமைக் குரல். ஊரில் டீக்கடையில் சொல்வது போலவே சொன்னார். டாக்டர் நிமிர்ந்து அவரை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வையில்தான் தான் என்ன சொன்னோம் என்பது இவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். இமைக்குள் எண்ணெய் சுரக்கிற சுரப்பியில் ஒரு கேன்சர் வரும்மா, அது கண்கட்டி மாதிரியே வேஷம் போடும், எடுத்தா திரும்பத் திரும்ப வரும், முடி உதிரும், அதனாலதான் எங்களுக்குப் பயம், அதுவாத்தான் இருக்கணும்னு இல்ல, ஆனா பார்க்காம விடக்கூடாது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன், பரீட்சைக்கு வரும் என்று சொன்ன கேள்வியைக் கேட்பது போலக் கவனமாகக் கேட்டேன். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். சாத்தூரில் இறங்கி எனக்கு வெள்ளரிக்காய் வாங்கி வந்தார். எனக்கு வெள்ளரிக்காய் பிடிக்காது, கல்யாணமான நாளிலிருந்து பிடிக்காது, அவருக்குத் தெரியும். அன்றைக்கு ஏனோ மறந்துவிட்டார். நான் முழுதையும் தின்றேன். கோபம் இல்லை என்று சொல்ல முடியாது. இருந்தது. இப்போதும் இருக்கிறது. டப்பாவில் போய்க்கொண்டிருப்பது கெட்டது என்று வந்தால், போன வருஷம் அந்த வாளியில் விழுந்ததும் அதே கெட்டதுதான், நடுவில் போன மாதங்கள் எல்லாம் அதற்குத் தீனி போட்ட மாதங்கள். அதை அவரிடம் நான் சொல்லப்போவதில்லை. நான் சொல்லாவிட்டாலும் அவருக்குத் தெரியும். சொல்லாமல் இருக்கிறாளே என்பதும் தெரியும். அப்படி ஒரு வீட்டில் எப்படி இருப்பது, காலையில் காபியை எந்த முகத்தோடு நீட்டுவது? எனக்கு இமை போவதைவிட அதுதான் பெரிய கவலையாக இருக்கிறது. இல்லை, பொய். இமை போவதுதான் பெரிய கவலை. செத்துப்போவது அதைவிடப் பெரிய கவலை. வரிசையாக வைத்தால் அப்படித்தான் வரும்.

இவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க வேண்டும், சக்கரம் கிறீச்சிடுகிறது. சிஸ்டரின் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம் ஞாயிற்றுக்கிழமையாம், என்ன வாங்கிப்போவது என்று சிஸ்டருக்குக் குழப்பம். "மிக்ஸின்னா எல்லாரும் மிக்ஸியே குடுப்பாங்க டாக்டர். கிரைண்டர் எடுத்திரலாமான்னு பாக்குறேன்." "கிரைண்டர் நல்லதுதானே" என்கிறார் டாக்டர், கிரைண்டரைத் தொட்டிருக்க மாட்டார் போலிருக்கிறது. "கிரைண்டர் வேண்டாம் சிஸ்டர், தூக்க முடியாம மூலைல கெடக்கும், நல்ல குக்கரா வாங்கிக் குடுங்க" என்று துணிக்கு அடியிலிருந்து நான் சொல்லிவிட்டேன். அப்புறம் டாக்டர் சிரித்தார். "அம்மா, நீங்க தூங்குறீங்கன்னு நெனச்சேன். பேசாதீங்க, முகம் அசையுது." சரி என்றேன், அதுவும் பேச்சுதானே, அதற்கும் முகம் அசைந்திருக்கும். தூங்குவதாமே. யாருக்குத் தூக்கம் வரும். மாடியில் உட்கார்ந்திருக்கிற அந்த ஆள் தூங்காமல் இருந்தால் சரி. அவர் யார்? ஆணா பெண்ணா? சாப்பிட்டாரா, சாப்பாட்டு நேரம் என்று எழுந்து போய்விட்டாரா? என்னிடம் படித்தவனாகக்கூட இருக்கலாம். அதுதான் ஆபத்து. வெங்காயத் தோலை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் காற்றுக் குமிழியைத்தான் பார்ப்பார்கள். வட்டமாக, கறுப்பு ஓரத்தோடு, அழகாகத் தெரியும். செல் டீச்சர் என்று அதையே வரைந்து, கலர் பென்சிலால் நியூக்ளியஸ் வேறு வைத்துக் கொண்டுவருவார்கள். இல்லாத நியூக்ளியஸை எங்கே பார்த்தாய் என்று கேட்டால், புத்தகத்தில இருக்கே டீச்சர். இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் இருப்பதாகத்தான் தெரியும். மாடியில் இருப்பவரிடம் டாக்டர் ஒரு சீட்டில் கேன்சர் சந்தேகம் என்று எழுதித்தானே அனுப்பியிருப்பார். அவர் அதைப் படித்துவிட்டுத்தானே குனிவார். படிக்காமல் குனிந்தால் நல்லது. இல்லை, படித்துவிட்டுக் குனிவதுதான் நல்லது, இல்லாவிட்டால் கவனமில்லாமல் பார்ப்பார். கவனமாகவும் பார்க்க வேண்டும், இருக்கும் என்று நினைக்கவும் கூடாது. அப்படி ஒரு பிள்ளையை நான் இத்தனை வருஷத்தில் உருவாக்கியிருக்கிறேனா? ஒன்றிரண்டு இருக்கும். அவர்களில் ஒருவர் மாடியில் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளலாம். செண்பகவல்லி அம்மன் பேரை வைத்துக்கொண்டு இந்த மாதிரி நேரத்திலாவது வேண்டிக்கொள்ள வேண்டும், அம்மனிடம் என்னவென்று கேட்பது, சாயம் சரியாக ஏற வேண்டும் என்றா?

இத்தனை நேரமாகுமா? ஆகும் என்று சொன்னார்கள். சீக்கிரம் வந்தால் நல்லதா, தாமதமானால் நல்லதா? கெட்டது பளிச்சென்று தெரிந்துவிடும், உடனே சொல்லிவிடுவார்கள். நல்லது என்று உறுதியாகச் சொல்லத்தான் நேரமாகும். அல்லது நேர்மாறாகவும் இருக்கலாம். பேப்பர் திருத்தும்போது நன்றாக எழுதியிருந்தால் சீக்கிரம் முடியும், மோசமாக எழுதியிருந்தாலும் சீக்கிரம் முடியும், நடுவில் கிடப்பதுதான் நேரத்தைத் தின்னும். நான் நடுவில் கிடக்கிறேன். பக்கத்து அறையில் யாரோ இரும்புத் தட்டைக் கீழே போட்டார்கள், போன்தான் என்று நினைத்துவிட்டேன். கண்ணை இரண்டு மாதம் மூடித் தைத்துவிட்டால் வகுப்புக்குப் போக முடியுமா? போகலாம், ஒற்றைக் கண் போதும். என் அதட்டலில் பாதி அந்தக் கண்ணில்தான் இருக்கிறது, கடைசி பெஞ்சை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தால் வாயை மூடிக்கொள்வார்கள், அதை ஒற்றைக் கண்ணால் பார்த்தால் சிரிப்பார்களா, பயப்படுவார்களா? பயப்படக்கூடாது. சிரித்தால்கூடப் பரவாயில்லை. திறந்த பிறகு இமை முடி இல்லாமல் மொழுக்கென்று, கீழிமையின் சதையோடு, தன் பாட்டுக்கு மூடாமல் இருந்தால்? தூங்கும்போதும் ஒரு கண் திறந்தே கிடந்தால், ராத்திரி இவர் எழுந்து பார்த்தால்? வலது கண் துடித்தால் பெண்களுக்கு ஆகாது என்பார்கள். மரத்துப்போன கண் துடிக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது. துடித்துக்கொண்டேகூட இருக்கலாம், எனக்குத் தெரியாமல். ஸ்கேன் எடுத்து வேறெங்கோ போயிருக்கிறது என்று சொன்னால் பெங்களூரில் இருக்கிற மகளிடம் யார் சொல்வது? அவளிடம் கண்கட்டி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். இவரால் சொல்ல முடியாது. இவர் ஆரம்பித்தாலே அந்த வாளியில் போய்த்தான் முடிப்பார். நான்தான் சொல்ல வேண்டும். உனக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் என்று ஆரம்பிக்கலாம். அப்படி ஆரம்பித்தால் நடுங்கிவிடுவாள். சாப்பிட்டாயா என்று ஆரம்பிக்கலாம். எல்லாவற்றையும் சாப்பிட்டாயா என்றுதான் ஆரம்பிக்க முடிகிறது.

போன். சுவரில் இருக்கிற போன், முரட்டுச் சத்தம். சக்கரம் கிறீச்சிட்டது. "சொல்லுங்க சார்" என்றார் டாக்டர். அப்புறம் "ம்". மறுபடி "ம்". இதுதான், இந்த ம்தான், இதில் ஏதாவது இருக்கிறதா என்று எல்லாக் காதையும் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறேன், ஒன்றும் இல்லை, ஒரு வீட்டு வாடகை பேசுகிற மாதிரி சாதாரண ம். "ஓரத்துல?" என்றார். "முழுசாவா? சரி. கால்சியம் இருக்கா, அதான் கத்தில பட்டுச்சு. சரி சார். தேங்க்ஸ்." வைத்தார். நடந்து வந்தார். நாலு எட்டு இருக்கும், அதற்குள் நான் ஒன்றுமே நினைக்கவில்லை, இத்தனை நேரம் ஓயாமல் ஓடியது அப்போது மட்டும் நின்றுவிட்டது. "செண்பகவல்லி அம்மா, கேட்குதா? கேன்சர் இல்லம்மா." துணிக்குள் அவர் குரல் ரொம்பப் பக்கத்தில் இருந்தது. "இமை முடியோட வேர்ல இருந்து வளர்ற கட்டி. பைலோமேட்ரிக்ஸோமான்னு பேரு. சாதுவான கட்டி, எங்கயும் பரவாது. இமைல ரொம்ப அபூர்வம், என் சர்வீஸ்ல விரல் விட்டு எண்ணிரலாம். பழசான கட்டில சுண்ணாம்பு சேர்ந்து கல்லு மாதிரி ஆயிரும், அதான் கரகரன்னுச்சு. சுரண்டி எடுத்தா திரும்ப வரும், இப்ப முழுசா எடுத்தாச்சு. முழு ரிப்போர்ட் அடுத்த வாரம் வரும், ஆனா பயம் வேண்டாம்." சரிங்க டாக்டர் என்றேன். என் குரல் வருகைப் பதிவேட்டுக்கு உள்ளேன் அம்மா சொல்கிற மாதிரி வந்தது. "போட்டோ எடுத்திருக்கோம், ஸ்டூடன்ட்ஸுக்குக் காட்டலாமா? பேரெல்லாம் வராது." காட்டுங்க, பாகம் குறிக்கச் சொல்லுங்க என்றேன். சிஸ்டர் சிரித்தார். சிஸ்டர் போய் வெளிய அவர்கிட்ட சொல்லிட்டு வாங்க என்றார் டாக்டர். கதவு திறந்து மூடியது.

பஞ்சை எடுத்துவிட்டுத் தைக்க ஆரம்பித்தார். நூல் இழுபடுவது மட்டும் தெரிகிறது, இமையை யாரோ மரியாதையாக எழுப்புகிற மாதிரி. ஒரு தையல் போட்டிருப்பார். கை நின்றது. துடைத்தார். மறுபடி நின்றது, மறுபடி துடைத்தார். "அம்மா, கண்ணுல தண்ணி வருது." மருந்தாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். அப்புறம் இடது கண்ணிலிருந்தும் காதுக்குள் சூடாக வழிந்தது, அதில் எந்த மருந்தும் போடவில்லை. நாமக்கட்டி பூசியபோது அழவில்லை, இவர் டாக்டரிடம் அப்படிச் சொன்னபோது அழவில்லை, ஊசிக்கும் அழவில்லை, இனி அழுவதற்கு என்ன இருக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று நினைத்த உடனே இன்னும் அதிகமாக வருகிறது. சாகப் பயமாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம். இத்தனை நாளும் ரொம்பப் பயமாக இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூடச் சொல்லவில்லை. "அழாதீங்கம்மா, அதான் ஒண்ணுமில்லன்னு ஆயிருச்சே. தண்ணி வந்தா தையல் போட முடியாது." தெரியும் டாக்டர் என்றேன். எட்டாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பார்த்தேன். எட்டெட்டு அறுபத்து நாலு வரை போனேன், அங்கே உதடு நடுங்கி முகமெல்லாம் அசைந்துவிட்டது. டாக்டர் கையிலிருந்த கருவியைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது. ஸ்டூல் பின்னால் நகர்ந்தது. துணிக்கு மேலேயே என் தோளில் கையை வைத்தார். "சரி, அழுது முடிச்சிருங்க. அப்புறம் தைக்கிறேன்." நான் அழுதேன். சத்தமில்லாமல் ஆரம்பித்துச் சத்தத்தோடும் அழுதேன், மூக்கு அடைத்துக்கொண்டது, பச்சைத் துணி வாயில் ஒட்டிக்கொண்டது. சிஸ்டர் திரும்பி வந்து, என்ன டாக்டர் என்று பதறினார், டாக்டர் ஏதோ சைகை காட்டியிருக்க வேண்டும், அவரும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். இரண்டு பேருக்கும் வெளியே எத்தனை பேர் காத்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சீக்கிரம் முடித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் பார்க்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் குனிந்து, "முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டார். "இன்னும் கொஞ்சம் இருக்கு டாக்டர்" என்றேன்.